வெள்ளிக்கிழமை அனந்தின் முறை

ஹாதி வகிட்டை மாற்றிக்கொண்டதை மர்யம் போனில்தான் பார்த்தாள்.

முப்பத்தெட்டு வயதுத் தம்பி. உம்மா இருந்தவரை உம்மாவும், அவள் மௌத்தான பிறகு மர்யமும் அவன் தலையில் தேங்காய் எண்ணெய் வைத்து, இடது பக்கம் வகிடெடுத்து, நெற்றியை உள்ளங்கையால் துடைத்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார்கள். இப்போது செம்பூரிலிருந்து வீடியோ காலில் தெரிந்த தலையில் எண்ணெய்ப் பசையே இல்லை. வகிடு வலது பக்கம், வாய்க்கால் மாதிரி வளைந்து ஓடியது.

"ஏ மக்கா, என்னல இது தலை? யாரு சீவி விட்டா?"

"நான்."

"நீயா? வகிடு ஏன் அந்தப் பக்கம் போச்சு?"

"கண்ணாடியில பாத்தா சரியா இருக்கு," என்றான் ஹாதி. அவன் பேச்சு அவ்வளவுதான். ஒரு வார்த்தையை வாய்க்குள் உருட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் வெளியே விடுவான். போனைக் கீழே சாய்த்தான். பலகையின் மேல் நறுக்கிய வெண்டைக்காய். ஒரு துண்டு நகமளவு, ஒரு துண்டு விரலளவு.

"நான் நறுக்குனது. எனக்கு வெண்டைக்கா ரொம்பப் புடிக்கும்."

"ச்சீ, வழவழன்னு இருக்குமே, அதப் போயி எப்பிடிலே திங்க?"

மர்யத்துக்குச் சின்ன வயதிலிருந்தே வெண்டைக்காய் ஆகாது. அவள் தின்னாததால் வீட்டில் வாங்கியதில்லை. வாங்காததால் ஹாதி அதைத் தின்றதில்லை. தான் ஒருநாளும் கொடுக்காத ஒன்றை யாரோ கொடுத்து, அவனுக்கு அது பிடித்தும் போய்விட்டது. நெஞ்சில் மீன் முள் மாட்டியது போல இருந்தது.

அந்தப் பக்கம் ஒரு பெண் சிரிக்கும் சத்தம். "ஹாதி அண்ணே, கையில கத்தியோட பேசாதிய. போன வையிங்க, இல்ல கத்திய வையிங்க."

ஹாதி யோசித்தான். போனை வைத்துவிட்டான்.

"பாத்தியளா?" என்றாள் மர்யம். "அவ சொன்னா ஒடன கட் பண்ணுதான். நான் ஆயிரம் சொன்னாலும் குளிக்கப் போமாட்டான்."

அவள் புருஷன் கலீலுல்லா டீ குடிக்க மேலே வந்திருந்தான். தாராவியில் அவர்கள் வீடு என்பது கீழே பெல்ட் பட்டறை, மேலே ஏணிப்படி ஏறினால் ஒரே அறை. பட்டறையின் தோல் வாசனையும் பசை நெடியும் ஏணி வழியாக எப்போதும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். பெல்ட்டின் ஓரத்துக்கு அடிக்கும் கறுப்புச் சாயம் அவன் விரல் நகங்களில் நிரந்தரமாக இருந்தது.

"கத்திய வைக்காம போன வச்சான் பாரு, சோக்ரா ஹுஷார், பய கெட்டிக்காரன்," என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் டீயைப் பார்த்துக்கொண்டான்.

போன வருஷம் மர்யத்துக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் ஹாதி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தான். கலீல் ஊட்டினாலும் தின்னவில்லை. கோபர்கைரனேயிலிருந்து மகள் அஃப்ஷா வந்து ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்த மர்யம் அவன் கழுத்தெலும்பைப் பார்த்து, "எனக்குப் பொறவு இவன் யாரு கையில திம்பான்?" என்று அழுதாள். கேள்வியைக் கேட்டது அவள்தான். அதற்கு ஒரு பதில் வரும் என்று அவள் நினைக்கவே இல்லை.

பதிலை அஃப்ஷா கொண்டுவந்தாள். செம்பூரில் ஒரு சின்ன டிரஸ்ட் தரைத்தளத்தில் ஒரு ஃபிளாட் எடுத்திருந்தது. ஹாதியோடு சேர்த்து, மனவளர்ச்சி மெதுவான மூன்று பேர் அங்கே தங்கள் வீடாக இருப்பார்கள். அவரவர் துணி, ரோஸ்டர் போட்டு அவரவர் முறைச் சமையல், காலையில் அவரவர் வேலை, ஹாதிக்கு ஒரு செடி நர்சரியில். பகலில் பூமாரி, போனில் சிரித்தவள், வருவாள், இரவில் சாய்நாத் வந்து படுப்பான். இருவரும் எதையும் செய்துகொடுக்க மாட்டார்கள். பக்கத்தில் நின்று சொல்வார்கள். பிறகு கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி. மூன்று மாதம் இருந்து பார்ப்பது. முடிவில் எல்லோரும் உட்கார்ந்து பேசுவது. ஹாதி இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும், வீட்டாரும் சரி என்று சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அவன் அங்கே தொடர்ந்து இருக்கலாம்.

மர்யம் ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், மூன்றாம் நாளே அவன் அழுதுகொண்டு வந்துவிடுவான் என்ற நம்பிக்கை. வரவில்லை. இந்த மாதக் கடைசியில் அந்தப் பேச்சு.

அறையின் பாதியை ஹாதியின் இரும்பு மடக்குக் கட்டில் அடைத்துக்கொண்டிருந்தது. அவன் போன பிறகும் மர்யம் அதை மடக்க விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் விரிப்பை மாற்றினாள். கலீல் பழையபடி கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே, காலை ஏணி வாயில் நீட்டிப் படுத்தான்.

*

அந்தப் போன் பேச்சுக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை நடந்தது அவளை இன்னும் வாட்டியது.

விடிந்ததும் கறிக்கடைக்குப் போய், நெஞ்சுக் கறியும் நல்லி எலும்பும் கேட்டு வாங்கி, தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றி ஆணம் வைத்தாள். டப்பாவில் ஊற்றித் துணியில் கட்டிக்கொண்டு சயானில் டிராம்பே பஸ் பிடித்துச் செம்பூர் நாக்காவில் இறங்கினாள். யாரிடமும் வருகிறேன் என்று சொல்லவில்லை. சொந்தத் தம்பியைப் பார்க்க எதற்குச் சொல்ல வேண்டும்?

வீட்டுக்குள் நுழைந்து அவள் மூடியைத் திறந்ததும் வாசனை மூன்று அறைக்கும் போனது. ஹாதி தட்டோடு வந்தான். அவனோடு இருக்கும் ஜம்பு, பேச்சே வராதவன், தட்டில்லாமலே வந்தான். இரண்டு பேரும் தலைநிமிராமல் தின்றார்கள். எலும்பை ஹாதி உறிஞ்சிய சத்தம் கேட்டு மர்யத்தின் வயிறு நிறைந்தது.

மூன்றாவது ஆள் அனந்த், மாட்டுங்காவிலிருந்து வந்தவன். உருண்டை முகம், தடித்த கண்ணாடி, நெற்றியில் அழிந்த விபூதி. அடுப்படி வாசலில் கரண்டியைப் பிடித்தபடி நின்றான்.

"மாமி, இன்னிக்கு நான் சாம்பார் பண்ணிருக்கேனாக்கும்."

"அப்பிடியா ராசா? நல்லது. நீயும் வா, உக்காரு." அவன் கறி தின்னமாட்டான் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. தாராளமாகச் சொன்னாள்: "கறி வேணாம்னா விடு. உருளக்கெழங்கு போட்டிருக்கேன். கெழங்க மட்டும் அரிச்சுத் தாரேன்."

கறிக்குழம்பு சொட்டும் கிழங்கை அவள் கரண்டியில் நீட்ட, அனந்த் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவன் கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாகின. உள்ளே ஓடிப் போய்விட்டான். அடுப்பின் மேல் அவன் வைத்த முருங்கைக்காய் சாம்பார் மூடி திறக்காமல் ஆறிக்கொண்டிருந்தது.

பூமாரி பஸ் ஸ்டாப் வரை குடை பிடித்துக்கொண்டு கூட வந்தாள். அவளும் தாராவிதான், அவள் ஆட்கள் சங்கரன்கோவில் பக்கம். ஒல்லி, கால்சட்டையும் குர்த்தாவும், கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. மழை குறுக்காக அடித்தது. டிராம்பே பக்கத்திலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் நெடி ஈரக் காற்றில் வந்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது."

"கோவிச்சுக்கிட நான் யாரு? சொல்லு."

"அடுத்த மட்டம் வரும்போ ஹாதி அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு வாங்க. வெள்ளிக்கெழம அனந்தோட மொற."

"எந் தம்பிய நான் பாக்க ஒங்கிட்ட பெர்மிஷன் கேக்கணுமா?"

"எங்கிட்ட இல்லக்கா. அவருகிட்ட."

"அவரு!" மர்யத்துக்கு அந்தச் சொல்லே சுட்டது. "அவனுக்குக் கால் கழுவி விட்டவ நான். ஒனக்கு அவன் அவரு ஆயிட்டான். வகிட்ட மாத்திட்ட, எண்ணெய நிறுத்திட்ட, எங்க வீட்டுல இல்லாத காயெல்லாம் தின்னப் பழக்கிட்ட. நீ சம்பளத்துக்குப் பாக்குதவ. ஒனக்கு என்ன தெரியும்?"

பூமாரியின் முகம் சுருங்கியது. "சம்பளத்துக்குத்தான் பாக்கேன், இல்லன்னு சொல்லலியே. வகிட்ட நான் தொடலக்கா. அவரா சீவுதாரு, அவராக் கோணுதாரு. நான் என்ன பெரிய இவளா? மொத மாசம் தோசச்சட்டிய கீழ போட்டாரு, புதுசு, நான் கத்திட்டேன். அவருக்கு வந்துச்சே கோவம்! அன்னைக்குப் பூரா எங்கூடப் பேசல. மறுநா நான் சாரி சொன்ன பொறவுதான் மூஞ்சியப் பாத்தாரு."

பஸ் வந்தது. மர்யம் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும்தான் அது உறைத்தது. ஹாதி அவளிடம் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. அடித்தால் அழுவான், திட்டினால் கட்டிலுக்கடியில் போவான், சோறு போட்டால் வந்துவிடுவான். முகம் திருப்பிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க வைக்கும் கோபத்தை அவன் யாரோ ஒரு பூமாரிக்குக் கொடுத்திருக்கிறான். அந்தக் கோபத்தின் மேல்கூட அவளுக்குப் பொறாமை வந்தது.

*

"நான் முடிவு பண்ணிட்டேன்," என்றாள் மர்யம், அதற்கடுத்த வாரம் ஒரு சாயங்காலம். "மீட்டிங்குல முடியாதுன்னு சொல்லிட்டு அவனக் கூட்டியாந்துருதேன்."

கலீல் சமோசாப் பொட்டலத்தோடு வந்திருந்தான். கூடவே ஒரு முழம் மல்லிகை. பல வருஷமாக வாங்காத பூ. கொடுக்கக் கூச்சப்பட்டு சமோசாவுக்கு அடியில் வைத்திருந்தான், எண்ணெய் பட்டுவிட்டது.

"அவன் வாரேன்னு சொன்னானா?"

"அவனுக்கு என்ன தெரியும்? அவ சொல்லிக்குடுக்கத அவன் சொல்லுதான்."

"மர்யம், ஒனக்குப் பொறாம."

"எனக்கென்ன பொறாம? அந்தக் குச்சி மேலயா?"

"எனக்குத் தெரியும்ளா. பொறாம எப்பிடி இருக்கும்னு எங்கிட்ட கேளு. இத்தன வருஷமா நான் தின்ன சோறுல்லா அது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் சமோசாவைப் பிய்த்துக்கொண்டே, யாரையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னான்.

"கல்யாணம் ஆயி மொத பெருநாளு. தட்ட நீட்டுதேன். நீ சட்டிக்குள்ள கரண்டிய உட்டு நல்லி எலும்பத் தேடித் தேடி எடுக்குத. ஆகா, நமக்குத்தான்னு இருக்கேன். எந் தட்டத் தாண்டிப் போயி அவன் தட்டுல விழுது. சின்னப் புள்ள, வாயத் தொறந்து கேக்கவா முடியும்? அன்னைக்கு இருந்து நான் உருளக்கெழங்கு பார்ட்டி. சினிமாக்குப் போனா நடுவுல அவன். பஸ்ல ஜன்னல் அவனுக்கு. நீ இந்த மூணு மாசமா படுததத்தான் நான் ஒரு ஆயுசு பட்டிருக்கேன்."

"யா அல்லா, பச்சப்புள்ளகூடப் போட்டியா?"

"அதாம்ளா கொடும. போட்டி போடக்கூட லாயக்கில்ல."

அவள் பூவை எடுத்து முகர்ந்தாள். சமோசா வாசனை வந்தது. தலையில் வைத்துக்கொள்ளவில்லை, ஹாதியின் கட்டில் கம்பியில் தொங்கவிட்டாள். கலீல் அதைப் பார்த்துவிட்டு ஏணியில் இறங்கிப் போனான்.

*

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. மர்யம் வேண்டுமென்றே போன் செய்யவில்லை. நல்லி எலும்பு இரண்டு போட்டு ஆணம் வைத்தாள். கலீலுக்குக் கொஞ்சம் சட்டியில் விட்டுவைத்தாள், வழக்கம்போலக் கிழங்கோடு. பூமாரியிடம் சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் மனதுக்குள் அடுக்கிக்கொண்டாள். ரத்தம் வேறு, ரோஸ்டர் வேறு என்ற ஒரு வாக்கியம் அவளுக்கே பிடித்திருந்தது. செம்பூர் நாக்காவில் காற்று குடையைத் திருப்பிப் போட்டுக் கம்பியை ஒடித்தது. டப்பாவை முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு நனைந்தபடி நடந்தாள்.

மணி அடித்தாள். மரக்கதவு திறந்தது. முன்னால் இருந்த கம்பிக் கதவு திறக்கவில்லை.

உள்ளே ஹாதி. தோளில் கைத்துண்டு. வகிடு வலது பக்கம், போன வாரத்தைவிடக் கொஞ்சம் நேராக.

"யாரு?" என்றான், அவளைப் பார்த்துக்கொண்டே. கேட்க வேண்டும் என்று பழகியிருந்தான், கேட்டான்.

"நாந்தாம்ல. கண்ணு தெரியலையா? தொற."

தாழ்ப்பாளில் கை வைத்தான். பிறகு கையை எடுத்தான். "என்ன கொண்டாந்திருக்க?"

"கறி ஆணம். ரெண்டு நல்லி. ரெண்டும் ஒனக்கு."

அவன் டப்பாவைப் பார்த்தான். தொண்டைக்குழி ஏறி இறங்கியதை அவள் கண்டாள்.

"வேணாம் லாத்தா."

"என்னது?"

"இன்னிக்கு அனந்து மொற. போன வாரம் அவன் சாம்பார யாரும் திங்கல. ராத்திரி அழுதான். ரொம்ப அழுதான்." இவ்வளவு நீளமாகப் பேசியதில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "இன்னிக்கும் ஒன் கறி வந்தா அவன் அழுவான்."

"அவனுக்குத் தெரியாம ஒரு வாய் தின்னுட்டுப் போ. நான் ஊட்டி விட்டுட்டு ஓடியே போயிருதேன்."

"வேணாம்."

"இத யாரு சொல்லிக் குடுத்தா? கூப்புடு அந்தப் பூமாரிய. வெளிய வரச் சொல்லு அவள!"

"பூமாரி இல்ல. லீவு. அவ தங்கச்சிக்கு நிச்சயம்."

அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் அப்படியே நின்றன. அவற்றை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

"பொறவு யாரு இருக்கா? சாய்நாத் இருக்கானா?"

"அவன் சாயங்காலம் வருவான்."

"அல்லாவே! பெரியவுக யாரும் இல்லாம தனியாவா இருக்கிய?"

ஹாதிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தான். பருப்பு தாளித்த வாசனை வந்தது, தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"தனியா இல்ல. மூணு பேரு இருக்கோம்."

மர்யம் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கதவு அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் தாழிட்டிருந்தது. கம்பிக்குள் கை விட்டால் தானே திறந்துவிடலாம். விரல்கள் உள்ளே போயேவிட்டன. ஹாதி அந்த விரல்களைப் பார்த்தான். தள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை. என்ன செய்யப் போகிறாள் என்று காத்திருந்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. வாப்பா முடிவு சொல்லிவிட்டு நிற்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

விரல்களை வெளியே எடுத்தாள்.

"அப்பம் நான் போவட்டா?"

"நனஞ்சிருக்க," என்றான். உள்ளே போனான். திறக்கத்தான் போகிறான், துண்டு எடுக்கப் போயிருக்கிறான் என்று அவள் நெஞ்சு துள்ளியது. அவன் குடையோடு வந்தான். மடக்கிய குடையைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினான்.

"என் குடை. நர்சரிக்குக் கொண்டு போறது. திருப்பிக் கொண்டாந்துரணும்."

"எப்பம் கொண்டார?"

"போன் பண்ணு. கேட்டுட்டு வா."

மரக்கதவு மெதுவாக, மரியாதையாக மூடிக்கொண்டது.

பஸ்ஸில் டப்பா மடியில் சுட்டது. பக்கத்தில் இருந்த மராட்டிக்காரம்மாள் மூக்கைச் சுளிக்காமல், ஆசையாக, "மட்டனா? யாருக்கு?" என்று இந்தியில் கேட்டாள். "எந் தம்பிக்கு," என்று சொல்ல வாயெடுத்து, "வீட்டுக்கு," என்றாள் மர்யம். அதைச் சொன்ன பிறகுதான் கண்ணீர் வந்தது. மழையில் நனைந்த முகம், யாருக்கும் தெரியவில்லை.

*

கலீல் ஜும்மா முடித்து வந்து, சட்டியிலிருந்த கிழங்கைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தான். அவளையும், கட்டவிழ்க்காத டப்பாவையும், புதுக் குடையையும் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"என்னளா, அவன் இல்லியா?"

"இருந்தான். கதவத் தொறக்கல."

"பூமாரி...?"

"அவ இன்னிக்கு லீவு. அவனேதான். கூட்டாளி அழுவானாம், அதுக்காக எங் கறி வேணாமாம்." குரல் உடைந்தது. "அந்த மாட்டுங்காக்காரன் அழுதா இவனுக்குத் தாங்கலியாம். நான் நனஞ்சு நிக்கேன், குடையக் குடுத்து அனுப்புதான். அதையும் திருப்பித் தரணுமாம்!"

கலீலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. மர்யம் முறைத்தாள். பிறகு அவளுக்கும் அழுகைக்கு நடுவே ஏதோ வந்து, மூக்கால் சிரித்தாள்.

"வேணாம்னு சொல்லும்போ அவனுக்கு வாயில எச்சி ஊறிச்சு," என்றாள். "நான் பாத்தேன். ஆசப்பட்டுக்கிட்டே வேணாம்னு சொல்லுதான். அத நான் சொல்லிக் குடுக்கல. அவளும் சொல்லிக் குடுத்திருக்க முடியாது."

டப்பாவைத் திறந்தாள். கரண்டியை உள்ளே விட்டுத் தேடி, நல்லி எலும்பை எடுத்து, ஒரு கணம் கை பழக்கத்தில் கட்டில் பக்கம் போய், பிறகு திரும்பி கலீலின் தட்டில் போட்டாள். இன்னொன்றையும் போட்டாள்.

அவன் அதைத் தொடவில்லை. "இது ஹாதிக்குல்லா?"

"தின்னுங்க. கேட்டு வாங்கத் தெரியாத மனுஷன்."

கலீல் எலும்பைத் தட்டின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினான். உள்ளிருந்த மஜ்ஜை வழுக்கிக்கொண்டு வந்தது. அதில் பாதியைச் சோற்றோடு பிசைந்து, சாயம் ஏறிய அந்த விரல்களால் ஒரு கவளம் உருட்டி, அவள் வாய்க்கு நேராக நீட்டினான். அவள் ஏணிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கீழே மிஷின் நின்றிருந்தது, பட்டறையில் யாரும் இல்லை. வாயைத் திறந்தாள்.

"மீட்டிங்குல என்ன சொல்லப் போற?" என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

மர்யம் கை கழுவினாள். கட்டில் கம்பியில் காய்ந்து தொங்கிய பூவை அவிழ்த்து எடுத்தாள். விரிப்பை உருவி மடித்தாள்.

"இத மடக்குங்க. காலு நீட்டிப் படுக்க எடமில்ல."

அவன் எழுந்து கட்டிலின் காலைப் பிடித்தான். துருவேறிய மூட்டு சட்டென்று மடங்கவில்லை. அவள் போனை எடுத்து ஹாதியை அழைத்தாள்.

"லாத்தா, வீட்டுக்குப் போயிட்டியா?"

"வந்துட்டேன் மக்கா. சாம்பார் எப்பிடி?"

"உப்பு கூட. நாங்க மூணு பேரும் தின்னுட்டோம்."

"சரி." அவள் குடையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஒன் குடைய நான் எப்பம் கொண்டாரட்டும்?"

"ஞாயித்துக்கெழம என் மொற."

"அப்பம் ஞாயித்துக்கெழம வரவா?"

"இரு. அவங்ககிட்ட கேக்கேன்."

போனை எங்கோ வைத்தான். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. மர்யம் ஸ்பீக்கரில் போட்டாள். கலீல் பாதி மடங்கிய கட்டிலைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"ஞாயித்துக்கெழம எங்க லாத்தா வரட்டா?"

"அந்த மாமி மட்டனைக் கொண்டு வருவாளோ?" அனந்தின் குரல்.

"கொண்டு வரமாட்டா. நான் வெண்டைக்கா ஆக்குவேன்."

"மாமிக்கு வெண்டைக்காய் பிடிக்குமோ?"

கலீல் வாயைப் பொத்திக்கொண்டான். அந்தப் பக்கம் குழாய் நின்றது.

"புடிக்காது," என்றான் ஹாதி. "ஆனா நான் ஆக்குனா திம்பா."